ஜென்மாடலில் இருந்து கோட் உருவாக்கம்: பில்ட் சர்வரில் கேள்வி கேட்டு நின்றுவிடுகிறது

ஓலைச்சுவடி:
ஈகோர் மாடலில் இருந்து (எக்லிப்ஸின் மாடலிங் கருவியான இஎம்எஃப்பில் கிளாஸ்களை விவரிக்கும் கோப்பு) ஜாவா கிளாஸ்கள் உருவாக்குகிறோம். என் கணினியில் எக்லிப்ஸைத் (கோட் எழுதும் மென்பொருள், அதாவது ஐடிஈ) திறந்து ஜென்மாடலில் (கோடை எப்படி உருவாக்க வேண்டும் என்ற அமைப்புகள் உள்ள கோப்பு) ரைட் கிளிக் செய்தால் வேலை முடிந்தது. அதையே பில்ட் சர்வரில் (ஆள் இல்லாமல் தானாக பில்ட் ஓட்டும் கணினி) போட்டால், திரையே இல்லாத இடத்தில் வொர்க்ஸ்பேஸ் (எக்லிப்ஸ் வேலை செய்யும் ஃபோல்டர்) எது என்று ஜன்னல் திறக்கப் பார்த்து விழுகிறது. அது போக, அடுத்து ஓடும் எங்கள் சொந்த டெம்ப்ளேட் ஸ்கிரிப்ட் 'கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மேலெழுதவா?' என்று கேட்டுவிட்டு ராத்திரி முழுக்க நிற்கிறது. எதைக் கேட்டாலும் ஆமாம் சொல்லும் யெஸ் கமாண்டை பைப் செய்து தள்ளிவிடலாமா?

கம்பிவடம்:
எக்லிப்ஸ் பாதி சுலபம். வழக்கமான ஐடிஈயாகத் திறக்காமல், அப்ளிகேஷன் ஆப்ஷனில் இஎம்எஃப்பின் ஜெனரேட்டரைக் கொடுங்கள் (முழுப் பெயர் ஆர்க் டாட் எக்லிப்ஸ் டாட் இஎம்எஃப் டாட் கோட்ஜென் டாட் ஈகோர் டாட் ஜெனரேட்டர்), கூடவே நோஸ்பிளாஷ் (ஆரம்பப் படம் வேண்டாம்), கன்சோல்லாக் (லாகை கன்சோலில் காட்டு). டேட்டா ஆப்ஷனில் வொர்க்ஸ்பேஸ் பாதையை நீங்களே சொல்லிவிட்டால் ஜன்னல் வராது. ஒவ்வொரு பில்டுக்கும் தனி தற்காலிக ஃபோல்டர் கொடுங்கள், இரண்டு பில்ட் ஒரே வொர்க்ஸ்பேஸைத் தொட்டால் மெட்டாடேட்டாவில் இருக்கும் லாக் கோப்பில் மாட்டிக்கொண்டு ஒன்று செத்துவிடும், அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் போயிற்று.

பழையகணிப்பான்:
யெஸ் பைப் வேண்டவே வேண்டாம். அது ஓயாமல் 'ஒய்' என்று அச்சடிக்கும், கேள்வி என்ன என்று பார்க்காது. மேலெழுதவா என்பதற்கும் ஆமாம், நாளைக்கு யாராவது ஸ்கிரிப்டில் 'பழையதை எல்லாம் அழிக்கவா' என்று சேர்த்தால் அதற்கும் ஆமாம். முதலில் ஸ்டாண்டர்ட் இன்புட்டை டெவ் நல்லில் (படித்தால் எதுவும் வராத காலிக் கோப்பு) இருந்து கொடுங்கள். பதில் கிடைக்காத ஸ்கிரிப்ட் பெரும்பாலும் தொங்காமல் உடனே விழும், எங்கே கேட்கிறது என்பதும் லாகில் தெரியும்.

அப்புறம், மேலெழுதவா என்று அது ஏன் கேட்கிறது? உருவான கோப்பில் யாரோ கையால் எழுதியிருக்கலாம் என்ற பயம்தானே. இஎம்எஃப்பில் அதற்கு வழி உண்டு: நீங்கள் மாற்றிய மெத்தடின் மேலே இருக்கும் ஜெனரேட்டட் குறியுடன் 'நாட்' சேர்த்தால் அடுத்த முறை அதைத் தொடாமல் விட்டுவிடும். உங்கள் சொந்த டெம்ப்ளேட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதனால் உருவாகும் கோட் தனி ஃபோல்டர், கையால் எழுதுவது அதை எக்ஸ்டெண்ட் செய்யும் கிளாஸில். பிறகு அந்த ஃபோல்டரை ஒவ்வொரு முறையும் மொத்தமாக அழித்துவிட்டு உருவாக்கலாம், கேட்க எதுவுமே இருக்காது.

இடைவெளி:
கேள்வியைப் பார்க்காமல் பதில் சொல்வதன் ஆபத்துக்கு ஒரு உதாரணம், வேறு ஊர்க் கதைதான், பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ. மாடலில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றிவிட்டு, டேட்டாபேஸை மாற்றும் கோப்பை (மைக்ரேஷன்) எழுதித் தரும் மேக்மைக்ரேஷன்ஸ் கமாண்டை ஓட்டினால் 'பெயர் மாற்றமா?' என்று கேட்கும். நோஇன்புட் ஆப்ஷன் போட்டால் கேட்காது, 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். புது ஃபீல்டுக்கு டீஃபால்ட் இருந்தாலோ நல் (மதிப்பே இல்லாத நிலை) அனுமதித்திருந்தாலோ சத்தமே இல்லாமல் பழைய ஃபீல்டை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று சேர்க்கும் மைக்ரேஷன் வரும், அதைப் படிக்காமல் ஓட்டினால் டேட்டா போச்சு. இரண்டும் இல்லாவிட்டால் பெரும்பாலும் பிழையோடு நின்றுவிடும், அதுவே நல்லது.

ஓலைச்சுவடி:
தனி ஃபோல்டருக்குப் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது பார்த்தால் நான்கு கோப்புகளில் கையால் செய்த திருத்தங்கள், அதில் இரண்டு என்னுடையவை, ஞாபகமே இல்லை. யெஸ் போட்டிருந்தால் அன்றைக்கே காணாமல் போயிருக்கும். எக்லிப்ஸும் டேட்டா பாதை கொடுத்தபின் ஓடுகிறது, நன்றி.