புதுப்பிப்பு: பாரிஷ் மீட்டிங்ல நாமளும் பேசலாமா?

இங்கிலாந்து கிராமத்துல வருஷா வருஷம் நடக்குற பாரிஷ் (நம்ம ஊராட்சி மாதிரி அடிமட்ட உள்ளாட்சிப் பகுதி) மீட்டிங்ல கவுன்சிலர் இல்லாதவங்க பேசலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல? தாராளமா பேசலாம், அது கவுன்சில் கூட்டமே இல்ல, ஊர்க்கூட்டம், வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா ஓட்டும் போடலாம், சட்டப்படி மார்ச் 1லிருந்து ஜூன் 1க்குள்ள நடத்தணும், சாயங்காலம் 6 மணிக்கு முன்னாடி ஆரம்பிக்கக் கூடாது. ஆனா அங்க எடுக்குற முடிவு பெரும்பாலும் கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது, அதான் கடுப்பு.

நேத்து போனேன், பாதி நேரம் புல் சண்டைதான்! காட்டுச் செடிகளைக் காப்பாத்துற பிளான்ட்லைஃப் அமைப்போட 'நோ மோ மே' பிரச்சாரப்படி மே மாசம் புல்லை வெட்டாம விடணும்னு ஒரு கோஷ்டி, அப்போ மேபோல் டான்ஸை (கம்பத்துல கட்டின ரிப்பனைப் பிடிச்சு சுத்தி ஆடுறது) முழங்கால் புல்லுலயா ஆடுறதுன்னு இன்னொரு கோஷ்டி. கடைசில கம்பத்தைச் சுத்தி மட்டும் வெட்டுறதா பேச்சு. கவுன்சிலோட புதுத் தலைவர் தேர்வு இந்த மீட்டிங்ல இல்ல, அது மே மாச கவுன்சில் கூட்டத்துல முதல் வேலை.