புதுப்பிப்பு: மேய்ப்பர் இயக்கம், ஆலோசனை கட்டளையாகும் இடம்

1970களில் அமெரிக்காவில், புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஐந்து கிறிஸ்தவப் போதகர்கள் வளர்த்த மேய்ப்பர் இயக்கத்தைப் (Shepherding Movement) பற்றிப் போன இழையில் எழுதியிருந்தேன். "சபை மூப்பரிடம் ஆலோசனை கேட்பது தப்பா?" என்று கேட்டிருந்தீர்கள். தப்பே இல்லை.

அங்கே நடந்தது வேறு. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு மேய்ப்பர், அதாவது அவரை ஆன்மிகத்தில் வழிநடத்தும் பொறுப்பாளர். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகக் காணிக்கைகூட அவர் கைக்கே போகும். வேலை மாற, வீடு வாங்க, கல்யாணம் பேச எல்லாவற்றுக்கும் அவர் சம்மதம் வேண்டும். மறுத்தால், "தேவனுடைய பாதுகாப்பை விட்டு வெளியே போகிறாய்" என்ற பயமுறுத்தல். கொடுமையே இந்தப் பயம்தான். பூட்டில்லாமலே ஆளை உள்ளே வைத்திருக்கும். 1975-இலேயே அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சன் வெளிப்படையாக எதிர்த்தார். இயக்கத்தை வளர்த்த ஐவரில் ஒருவரான பாப் மம்ஃபோர்ட் பின்னாளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

உங்கள் சபையிலும் இப்படி நடக்கிறதோ என்று சந்தேகமா? "ஒரு வாரம் யோசிக்கிறேன், வெளியே வேறொருவரிடமும் கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஆலோசகர் காத்திருப்பார். அடக்குபவர், "யாரிடம் கேட்கப்போகிறாய்?" என்பார்.