நிச்சயதார்த்த மோதிரம்: ஒற்றைக்கல்லா, கொத்துக்கல்லா?

கேள்வி

எங்கள் நிச்சயதார்த்தத்திற்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. ஒரே பெரிய வைரம் பதித்த மோதிரத்தை விட, நடுவில் ஒன்றும் சுற்றிலும் ஆறுமாக ஏழு சிறு வைரங்கள் பூப்போல் அமைந்த மோதிரம்தான் என் மனத்தில் நிற்கிறது. அவருக்கும் அது பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டுப் பெரியவர்கள், ஒற்றைக்கல் போடுவதுதான் மரபு என்றும், பெரிய கல் வாங்க இயலாதவர்களே சிறு கற்களைச் சேர்த்து வைப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். நாள் முழுவதும் கைவேலை செய்பவள் நான். கற்கள் உதிர்ந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

கல் பதிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆறு நகங்கள் (கல்லைப் பற்றியிருக்கும் சிறு உலோகக் கொக்கிகள்) ஒற்றை வைரத்தை உயர்த்திப் பிடிக்கும் அமைப்பை டிஃபனி என்ற அமெரிக்க நகை நிறுவனம் 1886-இல்தான் அறிமுகப்படுத்தியது. கொத்துக்கல் மோதிரங்களோ 18ஆம் நூற்றாண்டிலேயே அணியப்பட்டவை. ஆகவே மரபு என்ற காரணம் உங்களைத் தடுக்க வேண்டியதில்லை.

அளவைப் பாருங்கள். ஒரு காரட் எடையுள்ள வட்ட வைரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர். 0.10 காரட் கல் ஒன்று சுமார் 3 மில்லிமீட்டர். அப்படி ஏழு கற்களைப் பூவாக அடுக்கினால் மொத்த எடை 0.70 காரட்தான், ஆனால் விரலில் 9 மில்லிமீட்டர் அகலத்திற்குப் பரவி நிற்கும். கல் பெரிதாகப் பெரிதாக ஒரு காரட்டுக்கான விலையே ஏறிவிடுவதால், செலவும் கணிசமாகக் குறையும். ஒளி மட்டும் வேறுபடும்: பெரிய கல்லில் அகன்ற பட்டைகள் நிதானமாக மின்னும், கொத்தில் பொடிப்பொடியாகச் சிதறும். இதில் எது உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன், கண்ணுக்குப் பிடித்ததே சரி.

பதில் 2

ஆறு ஆண்டுகளாக ஏழு கல் மோதிரம் அணிகிறேன். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் சால்வையின் நூல் அதில் மாட்டி இழுபட்டது. நான் பொருட்படுத்தவில்லை. இரண்டு நாள் கழித்துக் கை கழுவும்போது பார்த்தால், ஓர் இதழ் இருந்த இடத்தில் கறுத்த குழி! நூல் மாட்டினாலே நகம் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். முதலில் மாற்றிப் பதித்த கல் இலேசான மஞ்சள் சாயலுடன் இருந்ததால், மற்ற ஆறுக்கு நடுவே தனியாகத் தெரிந்தது. நிறம் ஒத்துப்போகும் கல் கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. இப்போது ஆறு மாதத்திற்கு ஒரு முறை நகங்களைச் சரிபார்க்கக் கொடுக்கிறேன். மோதிரத்தைக் காதருகே பிடித்து மெல்லத் தட்டும்போது சலசலத்தால், ஏதோ ஒரு கல் ஆடுகிறது என்று கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒற்றைக்கல்லுக்கு மாற எனக்கு மனமில்லை.

பதில் 3

நான் ஒற்றைக்கல்லையே பரிந்துரைப்பேன். தனிக் கல்லுக்கு ஆய்வகச் சான்றிதழ் கிடைக்கும். பொடிக் கற்களுக்குத் தனித்தனியே சான்றிதழ் பெறுவது அரிது, மறுவிற்பனையிலும் அவற்றுக்குப் பெரிதாக மதிப்பு வராது. கழுவுவதும் எளிது. வைரத்தில் எண்ணெய்ப்பசை எளிதில் ஒட்டும் என்பதால், கொத்துக்கல்லின் இடுக்குகளில் சோப்பும் களிம்பும் தங்கி ஒளியை மங்கச் செய்கின்றன. அதையே வாங்குவதானால், கற்களின் அடிப்புறம் திறந்திருக்கும் அமைப்பாகத் தேர்ந்தெடுங்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் பின்பக்கத்திலிருந்து தேய்த்தால் அழுக்கு வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மறுவிற்பனை எங்கள் எண்ணத்தில் இல்லை, ஆகவே ஏழு கல்லே என்று முடிவு செய்துவிட்டோம். அடிப்புறம் திறந்தும், விரலோடு தாழ்ந்தும் இருக்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறோம். பதிப்பதற்கு முன் ஏழு கற்களையும் வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து நிறம் ஒத்திருக்கிறதா என்று காட்டுவதற்கும் அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். அந்த நாளில் அம்மாவையும் அழைத்துச் செல்கிறேன்.