பங்களாவில் பூட்டிக் கிடந்த ஸ்பீக்கரும் தினமும் பாடிய ஸ்பீக்கரும்

பாவித்த ஸ்பீக்கர் விற்கிறவர் "பெட்டியைப் பிரிச்சதோட சரி, பாவிக்கவே இல்லை" என்று சொன்னால், இலங்கை மலைநாட்டில் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன். காரணம் ஃபோம். பல மாடல்களில் கோனைச் (அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பை) சுற்றி இருக்கும் மெல்லிய வளையம் பொலியூரித்தேன் ஃபோம்தான், பஞ்சு மாதிரி ஒரு பிளாஸ்டிக். பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும், வருடங்கள் போகப் போக அது தானாகவே உதிரும். ஈரக்காற்று பட்டால் இன்னும் சீக்கிரம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூடுபனிக்குள் பூட்டிக் கிடந்த அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் கேஇஎஃப் ரெஃபரன்ஸ் 104/2 என்ற இங்கிலாந்து ஸ்பீக்கர் ஜோடி இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பங்களா அப்பு (சமையல்காரர்) கம்பளியை விலக்கிக் காட்டினார். "வெள்ளைத்துரை விட்டுட்டுப் போனது அண்ணே" என்றார் வீட்டுக்காரரின் மகன். வெள்ளைத்துரைமார் பெரும்பாலும் போனது 1975ல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்ததோடு. 104/2 வெளிவந்தது 1984ல். துரை திரும்பி வந்து வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்! நான் வாயைத் திறக்கவில்லை. கதைக்கும் சேர்த்துத்தானே விலை சொல்கிறார்கள்.

வெளியே பார்த்தால் கீறல்கூட இல்லை. ஆனால் இந்த மாடலில் பேஸ் (அடித்தொனி) கோன்கள் கண்ணில் படாது. இரண்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கும், சத்தம் மட்டும் முன்பக்கத் துளை வழியாக வரும். அதனால் காதைத்தான் நம்பவேண்டும். கொண்டுபோன சின்ன அம்ப்ளிஃபையரில் ஒரு தவில் தனி ஆவர்த்தனத்தை மெதுவாகப் போட்டேன். தவிலின் அடித்தொனி வரும் தொப்பிப் பக்கம் அடி விழும்போதெல்லாம் ஒரு பெட்டியில் சரசரவென்று உரசல். ஃபோம் போய், கோன் நடுவிலிருந்து விலகி, அதை அசைக்கும் கம்பிச் சுருள் காந்தத்தில் உரசுகிற சத்தம் அது. அடிப்பலகை வேறு ஈரம் குடித்து உப்பியிருந்தது. ஃபோமை மாற்றலாம், உப்பிய சிப்போர்டை (மரத்தூள் பலகையை) என்ன செய்வது?

விலையோ டொலர் கணக்கு. 2022ல் ரூபாய் விழுந்த பிறகு எல்லோரும் அமெரிக்க விலையை இணையத்தில் பார்த்து முந்நூற்றுச் சொச்சத்தால் பெருக்கிவிடுகிறார்கள். திருத்தும் செலவை யாரும் கழிப்பதில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் பண்டாரவளை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் ரொஜர்ஸ் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஜோடி. பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைப்பதற்காக 1970களில் வடிவமைத்த சின்னப் பெட்டி. 1977ல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு கொழும்பில் வாங்கினாராம். ஊவாப் பக்கம் காற்றில் ஈரம் குறைவு, அது ஒரு புண்ணியம். அதைவிடப் பெரிய புண்ணியம் சேர் அதைச் சும்மா விட்டதே இல்லை.

"தினமும் போடுவீங்களா சேர்?"

"காலையில செய்தி, பின்னேரம் காருகுறிச்சி நாகஸ்வரம். மூடி வச்சா பூஞ்சணம்தான் பிடிக்கும் தம்பி."

பெட்டியின் மூலைகள் தேய்ந்து, ஒரு பக்கம் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம். விளம்பரத்தில் படம் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் கோனின் ரப்பர் வளையம் இன்னும் மெதுமெதுவென்று இருந்தது. பின்தகட்டில் 15 ஓம் (மின்தடை அளவு) என்றிருந்தது, ஆரம்பகால வகை (பின்னால் வந்தவை 11 ஓம்); இரண்டின் தொடர் எண்களும் ஜோடி. மின்தடை பார்க்கும் மீட்டர் வைத்தேன், இரண்டு பெட்டியும் ஒரே அளவு காட்டின. 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொட்டபோது இரண்டு கோனும் ஒரே பக்கம் நகர்ந்தன. மிச்சத்தை நாகஸ்வரம் சொல்லிவிட்டது.

சேர் சொன்ன விலையில் கொஞ்சமும் இறங்கவில்லை. நானும் பெரிதாக வற்புறுத்தவில்லை. இந்தப் பெட்டிக்குச் சத்தம் குறைவு, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 83 டெசிபலுக்குப் பக்கம்தான், பெரிய ஹோலை நிரப்பாது. என் அறைக்குப் போதும்.

ஒரே குறை, ட்வீட்டரைச் (மேல் சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கரை) சுற்றியிருக்கும் ஃபெல்ட் கம்பளித் துணியை ஒரு பெட்டியில் பூச்சி அரித்திருக்கிறது. அது இல்லாவிட்டால் மேல் சுரங்கள் கொஞ்சம் கூசும். பதுளையில் ஆர்மோனியம் திருத்துகிறவரிடம் அதே தடிப்பில் ஒரு துண்டு கேட்டிருக்கிறேன்.