அடித்தரவு களைதல்: ‘தரவு நீக்கம்’ ஏன் போதாது

வணக்கம். விரிதாளை (எக்செல் போன்ற கோப்பை) வெளியே அனுப்பும் முன் அதன் அடியில் மறைந்து கிடக்கும் தரவை எடுத்துவிடும் வேலைக்கு, ‘தரவு நீக்கம்’ என்றே பெயர் வைத்துவிடலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. விரிதாளை வெளியே அனுப்பி மாட்டிக்கொள்கிறவர் நீக்க மறந்தவர் இல்லை, நீக்கிவிட்டதாக நம்பியவர்.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் துறைவாரிச் சம்பளத் தொகையை மட்டும் காட்டும் பிவட் அட்டவணை (பெரிய பட்டியலைத் தொகுத்துக் கூட்டுத்தொகையாகக் காட்டும் அட்டவணை) ஒன்றை வெளி ஆலோசகருக்கு அனுப்ப இருந்தோம். பெயர்கள் இருந்த தாளை அழித்தாயிற்று. அனுப்பும் முன் மொத்தத் தொகை இருந்த கட்டத்தை இரட்டைச் சொடுக்கு செய்து பார்த்தேன், புதுத் தாள் ஒன்று திறந்து ஒவ்வொருவர் பெயரும் அடிப்படைச் சம்பளமும் பிடித்தமும் வரிசையாக வந்து நின்றன. எனக்குக் கை நடுங்கிவிட்டது. தாள் போனாலும் அதன் நகல் அட்டவணையின் கேஷில் (cache, கோப்புக்குள்ளேயே மறைவாகச் சேமித்து வைக்கும் இடம்) அப்படியே கிடக்கிறது. 2012-இல் லண்டனின் இஸ்லிங்டன் உள்ளாட்சி மன்றம் தகவல் கேட்டவருக்கு அனுப்பிய விரிதாள்களிலும் இதே வழியில்தான் 2,000-க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களின் விவரம் வெளியேறியது, 70,000 பவுண்டு அபராதம். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறையில் நடந்தது இன்னும் கொடுமை: வெளியே போன விரிதாளில் கண்ணில் படாத ஒரு தாளில் அங்கே பணிபுரிந்த 9,483 பேரின் குடும்பப்பெயர், பதவி, பணியிடம். என்ன வேலை பார்க்கிறோம் என்பதைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் வாழ்கிறவர்கள் பலர் அதில் இருந்தார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘மூலத்தரவு நீக்கம்’ வேண்டவே வேண்டாம். மூலத்தரவு நம்மிடம் பத்திரமாக இருக்க வேண்டியது, அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு யாராவது அசல் கோப்பையே அழித்துவிடுவார்கள். ‘வடிகட்டல்’ ஏற்கெனவே ஃபில்டருக்குப் போய்விட்டது, அதுவும் வரிசைகளை மறைக்கத்தான் செய்யும்.

என் பரிந்துரை ‘அடித்தரவு களைதல்’. பயிரை விட்டுக் களையை மட்டும் எடுப்பது போல, காட்ட வேண்டியது நிற்கும், அடியில் கிடப்பது போகும். பொத்தானில் ‘அடித்தரவைக் களை’ என்று அடங்கும், ‘களைந்த நகல்’, ‘களையாத கோப்பு’ என்று வளைந்தும் கொடுக்கும். அப்புறம் முக்கியமாக, ‘களைஞ்சுட்டு அனுப்பு’ என்று தொலைபேசியில் சொன்னாலும் புரியும்.

விளக்கக் குறிப்பில் செய்முறையையும் சேர்த்துவிடலாம்: புதுக் கோப்பில் மதிப்புகளை மட்டும் ஒட்டி, அந்தக் கோப்பைத்தான் அனுப்ப வேண்டும். ‘அடித்தரவு’ என்பதற்கு வேறு துறையில் யாராவது வேறு பொருள் கொடுத்திருந்தால் சொல்லுங்கள், இறுதிசெய்யும் முன் பார்த்துவிடுவோம்.