நீதிபோதனை வகுப்பால் பிள்ளைகளின் நியாய உணர்வு வளருமா?

வெண்ணாறு (தஞ்சாவூர்)

6 முதல் 12ஆம் வகுப்பு வரை அறத்துப்பாலும் பொருட்பாலும் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்று 2016-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. குறள்கள் பாடநூலில் இருக்கின்றன. தேர்வில் கேட்பதோ "அடிமாறாமல் எழுதுக". வாய்மை அதிகாரத்தின் முதல் குறள் தீமை தராத சொல்லே வாய்மை என்கிறது. அடுத்த குறளோ, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறது. எந்தப் பொய்? யாருக்கு நன்மை? குற்றமற்றது என்று தீர்மானிப்பது யார்? இந்த மூன்று கேள்வியை வகுப்பில் போட்டால் ஒரு பீரியட் போதாது. மனப்பாடம் செய்ய வைத்து, யோசிக்கும் வாய்ப்பை நாமே பறிக்கிறோம். நீதிபோதனை வகுப்பு வேண்டும், ஆனால் அது வாதிடும் வகுப்பாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அரசலாறு (கும்பகோணம்)

ஏற்கவில்லை சார். 1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 11,000 பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்தார்கள். விடைத்தாளை வாங்கி இரகசியமாகப் பதிவு செய்துகொண்டு, பிறகு பிள்ளைகளிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். யார் விடையை மாற்றினார்கள் என்பது அப்படியே தெரிந்தது. தேர்வில் ஏமாற்றாத பிள்ளை விளையாட்டில் ஏமாற்றியது. எது சரி என்று நன்றாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையும் நேர்மையாக நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும், அந்த வகுப்பின் பொதுப் பழக்கமும்தான் பெரிதாக வேலை செய்தன. வாதம் கற்றவன் தன் தப்புக்கும் நன்றாக வாதாடுவான். ஆகவே பள்ளிக்கூடம் நடக்கும் விதத்தைச் சீர்செய்யுங்கள், பேச்சு வேண்டாம்.

வெண்ணாறு

அந்த ஆய்வு அடித்து வீழ்த்தியது உபதேசத்தை. நானும் அதைத்தான் எதிர்க்கிறேன். சிக்கலான கதையைக் கொடுத்து விவாதிக்க வைத்தால் காரணம் சொல்லும் தரம் உயர்கிறது என்பதை 1975-ல் பிளாட், கோல்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் காட்டினார்கள். 1985-ல் 55 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இந்த முறைக்குப் பலன் இருந்தது. பெரிய பலன் இல்லை, மிதமானதுதான். மூன்று வாரத்துக்குக் குறைவாக நடத்திய இடங்களில் அதுவும் இல்லை. குழந்தைகள் தினத்துக்கு ஒரு நாள் நீதிக்கதை சொல்லிவிட்டுப் பலனைத் தேடினால் எங்கிருந்து வரும்?

ஓடம்போக்கி (திருவாரூர்)

எப்படி நடத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 9ஆம் வகுப்பு, 45 பிள்ளைகள், 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

கதை: நேரடி நெல் கொள்முதல் நிலையம். ஈரப்பத வரம்பு 17 சதவீதம். ஒரு சிறு விவசாயியின் 60 மூட்டை களத்தில் கிடக்கிறது, மீட்டர் 19 காட்டுகிறது, மேகம் கறுத்துவிட்டது. எடுத்துக்கொண்டால் ஈர நெல் குடோனில் சூடேறிக் கறுக்கும், அரைத்தால் நொய்யாகும், அந்த அரிசி ரேஷனில் இன்னொரு ஏழை வீட்டு உலைக்குப் போகும். திருப்பி அனுப்பினால் இரவு மழையில் நெல் முளைத்துவிடும். எழுத்தர் என்ன செய்ய வேண்டும்?

இதில் லஞ்சத்தைக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் சரி எது, தப்பு எது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும், விவாதம் செத்துப்போகும்.

கதையை 3 நிமிடத்தில் வாசித்துவிட வேண்டும். அடுத்த 5 நிமிடம் யாரும் பேசாமல், முடிவையும் காரணத்தையும் ஆளுக்கு இரண்டு வரி சீட்டில் எழுத வேண்டும். இதைத் தவிர்த்தால் சத்தமாகப் பேசும் நாலு பேர் பின்னால் வகுப்பே போய்விடும். பிறகு ஐந்து பேர் கொண்ட குழுவாக 12 நிமிடம். அதன்பின் ஆசிரியர் ஒரே ஒரு விவரத்தை மாற்றுகிறார்: "அந்த விவசாயி எழுத்தரின் மாமனார்". இங்கேதான் வகுப்பு விழித்துக்கொள்ளும். இரக்கத்தால் எடுக்கச் சொன்னவர்களில் பலர் இப்போது கூடாது என்பார்கள். ஏன் என்று கேட்டால், இரக்கத்துக்கும் ஆள் பார்ப்பதற்கும் இடையிலுள்ள கோட்டை அவர்களே தேடத் தொடங்குவார்கள். கடைசி 5 நிமிடம் மறுபடி சீட்டு. முடிவு மாறியதா என்று பார்க்காதீர்கள், காரணம் மாறியதா என்று பாருங்கள். "மேலதிகாரி திட்டுவார்" என்று எழுதிய பிள்ளை "இன்று இவருக்கு எடுத்தால் நேற்றுத் திரும்பிப் போனவருக்கு என்ன பதில்" என்று எழுதினால் அதுதான் நகர்வு.

வகுப்பைக் கெடுப்பது பெரும்பாலும் ஆசிரியரின் முகம். அவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று தெரிந்த நிமிடமே பிள்ளைகள் அதை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இதற்கு மதிப்பெண்ணும் போடக் கூடாது.

சின்ன வகுப்புகளுக்கு எங்கள் ஊர்க் கல்தேர் இருக்கிறது. மனுநீதிச் சோழனைப் புகழ்ந்து முடித்துவிடாமல், இளவரசன்மேல் தேரை ஏற்ற மனம் வராமல் உயிரைவிட்ட அமைச்சர் செய்தது சரியா என்று கேட்டுப் பாருங்கள்.

வெட்டாறு (நாகப்பட்டினம்)

நல்ல திட்டம் டீச்சர், ஆனால் இரண்டு குறை. ஒன்று, அதே வகுப்பில் கொள்முதல் நிலையச் சுமைதூக்கும் தொழிலாளியின் பிள்ளையும், அங்கே நெல்லைப் போட்டுக் காத்துக்கிடக்கும் விவசாயியின் பிள்ளையும் இருப்பார்கள். வாதம் அப்பாக்கள் பக்கம் திரும்ப அரை நிமிடம் ஆகாது. கதையை வேறு மாவட்டத்தில் வையுங்கள், அறுவடைக் காலத்தில் நடத்தாதீர்கள்.

இரண்டாவது பெரியது. நியாயத்துக்குக் காரணம் சொல்லும் திறன் ஆறு படிகளாக வளர்கிறது என்பது கோல்பர்க்கின் கொள்கை. அந்தப் படிகளை அவர் ஆண்பிள்ளைகளை மட்டும் வைத்துக் கட்டினார். உறவையும் பொறுப்பையும் வைத்து யோசிப்பவர்கள் அந்த ஏணியில் கீழே தள்ளப்படுகிறார்கள் என்று உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982-ல் எழுதினார். உங்கள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "எடுக்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம், இரவுக்குப் படுதா கொடுத்து மூடச் சொல்லலாம், விடிந்ததும் காயவைத்துத் தரட்டும்" என்றால், "அது கேள்வி இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்" என்று உட்கார வைப்போம். அவள்தான் இருவரின் வயிற்றையும் யோசித்தவள். பேச வராத பிள்ளைக்கு நியாயம் தெரியாது என்று முடிவு கட்டும் ஆபத்தும் இதில் உண்டு.

ஓடம்போக்கி

படுதா யோசனையை அப்படியே கரும்பலகையில் எழுத வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கேள்வி, "படுதா பத்துதான் இருக்கிறது, இருபது பேர் காத்திருக்கிறார்கள். யாருக்கு முதலில்?"

அரசலாறு

கோல்பர்க்கே கதையோடு நிற்கவில்லையே. 1974-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் கிளஸ்டர் பள்ளி என்று ஒன்றைத் தொடங்கி, விதிகளை மாணவரும் ஆசிரியரும் ஆளுக்கு ஒரு ஓட்டுப் போட்டு வகுக்க வைத்தார். அதைச் செய்யுங்கள். சத்துணவு வரிசை, தண்ணீர்க் குழாய், மறுகூட்டல் கேட்டால் ஆசிரியர் முகம் சுளிப்பது, இவையெல்லாம் தினமும் நடக்கும் பாடம். ஆசிரியர் தாமதமாக வந்து, தாமதமாக வந்த பிள்ளையை வெளியே நிறுத்தினால், அந்த வாரம் நீங்கள் நடத்திய விவாதத்தில் என்ன மிஞ்சும்?

வெண்ணாறு

ஓட்டுப் போட்டதாலேயே முடிவு நியாயமாகிவிடாது. கழிப்பறையைக் கழுவும் வேலையை எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவது என்று பெரும்பான்மை முடிவு செய்தால்? நம் பக்கத்தில் இது கற்பனைக் கேள்வி இல்லை. "நீ அந்த இடத்தில் இருந்தால் இந்த விதியை ஒப்புக்கொள்வாயா" என்று கேட்கப் பழகிய நாலு பேர் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வகுப்பில்தான் வரும்.

அரசலாறு

அந்த நாலு பேர் கேட்பார்களா, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருப்பார்களா? உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட் அறச்செயலை நாலாகப் பிரித்தார்: பிரச்சினை இருப்பதை உணர்வது, எது சரி என்று தீர்மானிப்பது, அதை மற்ற ஆசைகளுக்கு மேலே வைப்பது, விடாமல் செய்து முடிப்பது. உங்கள் சீட்டு இரண்டாவதை மட்டும் அளக்கிறது. விவாதம் நடத்திய வகுப்பில் மாதத் தேர்வு விடைத்தாளைப் பிள்ளைகளே திருத்தட்டும், நகலை நீங்கள் வைத்திருங்கள். மதிப்பெண் மாறியதா என்று பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

வெண்ணாறு

பிள்ளைகளை ஏமாற்றி அவர்களின் நேர்மையை அளக்க நான் தயாரில்லை. நகல் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் செய்யலாம்.

அரசலாறு

சொல்லிவிட்டால் நீங்கள் அளப்பது பயத்தை.

ஓடம்போக்கி

இதையே அடுத்த வாரக் கதையாக வைக்கலாம். ஆசிரியர் சொல்லாமல் நகல் எடுக்கலாமா என்று 9ஆம் வகுப்பே முடிவு செய்யட்டும். முதல் சீட்டு, பேச்சு, இரண்டாம் சீட்டு, அதே வரிசைதான். ஒரு விவரத்தை மட்டும் கடைசியில் மாற்றுங்கள்: நகல் எடுப்பது ஆசிரியர் இல்லை, வகுப்பு லீடர்.