ஹென் டோமென் மரக்கோட்டை: படங்களும் விளக்கமும் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வேல்ஸ் எல்லையில், செவர்ன் ஆற்றைக் கடக்கும் துறையைக் காப்பதற்காக ஷ்ரூஸ்பரி பிரபு ரோஜர் டி மான்ட்கோமெரி 1070களில் எழுப்பிய ஹென் டோமென் கோட்டையைப் பற்றிப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 1223இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி அருகிலேயே கற்கோட்டை கட்டத் தொடங்கிய காலம் வரையிலும் இது மண்ணும் மரமுமாகவே நின்றது.

1960இல் தொல்லியலாளர் ஃபிலிப் பார்க்கர் தொடங்கிய அகழாய்வு, கோட்டைக்காக எழுப்பிய மண்மேட்டின் அடியிலிருந்த முற்றத்தில் கட்டடங்கள் நெருக்கமாக நிறைந்திருந்ததையும், அவற்றுக்கும் கீழே நார்மன்களுக்கு (பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றியவர்கள்) முந்தைய உழவு வயல் இருந்ததையும் காட்டியது; இந்த வயல்தான் என்னை மிகவும் ஈர்க்கிறது. பிற்காலக் கட்டடங்கள் பல, குழியில் நட்ட தூண்கள் இல்லாமல், தரைமேல் கிடத்திய உத்தரங்களின் மீதே நின்றதால் மண்ணில் மிக மங்கலான தடங்களையே விட்டுச்சென்றன. அத்தகைய தடத்திலிருந்து சுவரின் உயரத்தையும் கூரையின் அமைப்பையும் எவ்வாறு கணிக்கிறார்கள் என்பதைத் தொல்லியல் அல்லது மரவேலை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மேட்டை மரங்கள் மூடியிருப்பதால், மான்ட்கோமெரி அல்லது ஷ்ரூஸ்பரி ஊர்களுக்கு அருகில் வசிப்போர் இலையுதிர்ந்த குளிர்காலத்தில் எடுத்த படங்கள் வைத்திருந்தால், பயன்படுத்த அனுமதியுடன் பகிர்ந்து உதவுங்கள்.